ஜீப்பின் வலது சீட்டு

எங்களிடம் ஒரு ஜீப் இருந்தது. நேராகப் போகாத ஜீப். அதைச் சரி பண்ணியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். "அவதான் வண்டிய சரி பண்ண வச்சா" என்று எங்கள் சாரம் பகுதியில் ரொம்ப காலம் பேசிக்கொண்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் பாராட்டு மாதிரி இருக்கும். பாராட்டு இல்லை. அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை, ஆனால் பாதிதான். மிச்சப் பாதி எனக்கு மட்டும் தெரிந்தது. அதை இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தவர். நூல் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் கதிரில் இழை அறுந்தால், கதிர் தெரியாத வேகத்தில் சுற்றும்போதே இரண்டு விரலால் பிடித்து ஒட்டிவிடுவார். அந்தக் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எழுபதுகளின் நடுவில் மில் மூடியது, திறந்தது, மறுபடியும் மூடியது. மறுபடி திறக்கும் என்று கேட்டுக் கதவருகே போய் நின்றவர்களில் அவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் லாரியில் கிளீனராகப் போய் வண்டி ஓட்டப் பழகியிருந்தார். அதை நம்பி ஒரு ஜீப்பை வாங்கிவிட்டு வந்தார்.

வண்டியை விற்றவர் டவுனில் இருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். யுத்த காலத்து ஜீப் அது. மழையில் நனையாமல் கொட்டகையில் வைத்து, பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டி, "இந்த வொலான் கொஞ்சம் தூங்கும். தட்டி எழுப்பிக்கிட்டே போவணும், அவ்வளவுதான்" என்றார். ஸ்டியரிங்குக்கு அவர் வாயில் வொலான்தான் வரும். நாங்கள் சிரித்தோம். வண்டியை விற்கிறவர் இதைவிட நயமாக ஒரு கோளாறைச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருந்தது. நம்மூர் வண்டியில் டிரைவர் வலப்பக்கம் உட்காருவார். இந்த ஜீப்பில் இடப்பக்கம். நாம் சாலையின் இடது ஓரமாகப் போகிறவர்கள். அப்படியானால் டிரைவர் சாலை ஓரத்துப் புளியமரத்தை நன்றாகப் பார்க்கலாம், எதிரே வருகிற பஸ்ஸுக்கும் தன் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல வலது சீட்டில் ஓர் ஆள் வேண்டும். கிளீனர் வைத்துக்கொள்ள எங்களுக்கு வக்கு இல்லை. நான் ஏறிக்கொண்டேன்.

அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலோரம் போனால் அப்போது சவுக்குத் தோப்புகள். மணலில் மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும், லாரி உள்ளே வரவே வராது. ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் ஒரு சின்ன ட்ரைலரை மாட்டிக்கொண்டு, தோப்புக்குள்ளேயே போய் சவுக்கு விறகும் மிலாறுச் சுள்ளியும் ஏற்றி வருவோம். டவுனில் ரொட்டி சுடுகிற கடைக்குக் கொண்டு வந்து கொட்டுவோம். ரொட்டி அடுப்பு ஓய்ந்தால்தானே எங்கள் வேலை ஓயும். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.

வலது சீட்டில் எனக்கு இருந்தது நாலைந்து வார்த்தை வேலைதான். "வருது." "நில்லுங்க." "இப்ப போலாம்." எதிரே பஸ் வந்து அவர் தயங்கினால், "எடம் இருக்கு, நேரா போ." மற்ற நேரத்தில் "போங்க" என்று சொல்கிற வாய், அந்த அவசரத்தில் "போ" என்று சொல்லிவிடும். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

தெருவில் கேலி பேசாமல் இருப்பார்களா? "பொண்டாட்டிய கிளீனரா வச்ச மொத ஆளு" என்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வண்டி சாலையில் போகிற அழகைப் பார்த்து "காலையிலேயே ஏத்திக்கினியா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் ஒரு வண்டி நேராகப் போகவில்லை என்றால் முதலில் ஓட்டுகிறவனின் வாயைத்தான் மோந்து பார்ப்பார்கள். அவர் தொட்டதே இல்லை. சாராயக்கடைகளுக்கு நடுவில் ஒரு மனுஷன் தொடாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று கேட்டவர்கள் யாருக்கும் தெரியாததா என்ன?

வண்டி போகிற விதம் அப்படி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாது. கால் சுற்று வெறுமனே போகும், அதற்கப்புறம்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். சக்கரம் திரும்பிய பிறகு இந்தப் பக்கம் கொண்டு வர மறுபடி அந்தக் கால் சுற்று. நடுவில் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். சின்னக் கல் தட்டினாலும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அவர் கைகள் ஒரு நொடிகூட சும்மா இருக்காது. இடம், வலம், இடம், வலம். தூளியை ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். வண்டி வலப்பக்கம் போகப் போகிறது என்பது வண்டிக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவர் கைக்குத் தெரிந்துவிடும். அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிடிக்கிற கை அல்லவா. ஒரு வருஷத்துக்குள் அந்த ஆட்டத்தை அவர் ஒரு வித்தை ஆக்கிவிட்டார். வேறு யாராவது ஓட்டிப் பார்க்கட்டுமே என்று சவாலே விடுவார்.

அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தில்தான் அது நடந்தது. அப்போதெல்லாம் அந்தப் பாலத்தில் இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே வந்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடலூர் பஸ் வந்தது. இடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொன்னேன், இருந்தது. பாலத்தின் தொடக்கத்தில் ஒரு பள்ளம், அதில் முன் சக்கரம் இறங்கியதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. அவர் இடப்பக்கம் ஒடித்தார். அந்தக் கால் சுற்று வெறுமனே போயிற்று. அதற்குள் பஸ்ஸின் வயிறு என் பக்கத்துக் கூடாரக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு, என் முழங்கைத் தோலையும் உரித்துக்கொண்டு போய்விட்டது. பாலம் தாண்டி வண்டியை நிறுத்தினோம். நான் கையைப் பார்த்தேன். அப்புறம் என் சீட்டைப் பார்த்தேன். இன்னும் ஒரு சாண் இழுத்திருந்தால் குழந்தைக்கு அம்மா இல்லை.

"சரி பண்ணாம நா இனிமே ஏற மாட்டேன்" என்றேன்.

"எனக்குக் கை பழகிடுச்சி. கை பாத்துக்கும்" என்றார்.

"ஒங்க கை அந்தாண்ட இருக்கு. பஸ்ஸு என் பக்கம் வருது."

மறுநாள் நான் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. நான் இல்லாமல் அவரால் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது. ரொட்டிக்கடையிலிருந்து ஆள் வந்து விறகு எங்கே என்று கேட்டதும் வழிக்கு வந்தார். மாமியார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஓடற வண்டிய நோண்டாதீங்கடி" என்றாள். அவள் பிள்ளை ஓட்டினால் வண்டி ஓடும், அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் ரெட்டியார்பாளையத்தில் சாலையோரத்து மெக்கானிக் ஒருவனிடம் போனோம். அவன் பானெட்டைத் தூக்கினான், ஸ்டியரிங் பாக்ஸின் மேலே இருந்த ஒரு திருகாணியை இறுக்கினான், மூடினான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் கல் மாதிரி கனத்தது. திருப்பினால் திருப்பிய இடத்திலேயே நின்றுகொண்டது, தானாகத் திரும்பி வரவில்லை. அலைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. "பாத்தியா? நோண்டி இன்னும் கெடுத்தாச்சு" என்றார் இவர். அவர் குரலில் ஒரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம்தான் மெக்கானிக் பாயிடம் போனோம். டவுனுக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தார். அதிகம் பேசாதவர், கோபக்காரர் என்றும் பேர். நாங்கள் போனதும் அந்தத் திருகாணியைத் தளர்த்திப் பழையபடி வைத்தார். "யார்னா ஒருத்தர் மேல ஒக்காந்து ஸ்டியரிங்க ஆட்டணும்" என்றார். என் வீட்டுக்காரர் எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இடது சீட்டில்.

"சின்னதா ஆட்டும்மா. சக்கரம் திரும்பறதுக்கு முன்னாடி நிறுத்திக்க. மறுபடி இந்தாண்ட. வுடாம ஆட்டு" என்றார் பாய்.

அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் ஆட்ட ஆட்ட, ஒவ்வோர் இணைப்பாகக் கையால் பொத்திப் பிடித்துப் பார்த்தார். கம்பி இந்தப் பக்கம் அசைகிறது, அந்தப் பக்கம் அசையவில்லை என்றால் அசைவு அந்த மூட்டிலேயே செத்துப்போகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும். "ம்" என்பார். நகர்வார். "இன்னொரு தரம்" என்பார். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். என் கைக்கும் அந்தத் தாளம் வந்துவிட்டது. இப்படித்தான் தினமும் இவர் ஓட்டுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது.

வெளியே வந்து, "எடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்துலயும் ஆட்டம் இருக்கு" என்றார் பாய். ஸ்டியரிங் பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. சக்கரங்களை இழுக்கிற கம்பிகளின் முனையில் இருக்கிற உருண்டைகள் தேய்ந்து கிண்ணத்துக்குள் கடகடவென்றிருந்தன. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்குகிற புஷ்கள் நீள்வட்டமாகிவிட்டன. எல்லாவற்றையும் விட மோசம், முன் அச்சின் நடுவில் இருக்கிற ஒரு துண்டு. ஸ்டியரிங்கிலிருந்து வருகிற இழுப்பை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதன் அச்சாணியைத் தட்டிக் கழற்றியபோது, அதைச் சுற்றி ஒரு தகரத் துண்டு சுருட்டி வைத்திருந்தது வெளியே விழுந்தது. பால் டின்னிலிருந்து வெட்டியது, எழுத்தெல்லாம் பிரெஞ்சில். சொல்தா எந்தக் காலத்திலோ வைத்த வைத்தியம்.

அதைப் பார்க்க மட்டும் இவர் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். அச்சாணியை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து இடுப்பு ஒடிந்தது போல இருந்தது. "இத்தன நாளு இதுவா?" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் கையின் வித்தை என்று நினைத்திருந்தது, ஒரு தேய்ந்த ஆணிக்குச் செய்த ஊழியம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது.

பாய் அவசரப்படவில்லை. அச்சாணிக்கு லேத்தில் வெண்கல புஷ் கடைந்து வாங்கினார். கம்பி முனைகளைப் புதிதாக மாற்றினார். சக்கரம் திரும்புகிற மூட்டுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும், அதில் சிலதை உருவி இறுக்கம் பார்த்தார். மீன் எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்டி இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் அசைகிறதா என்று பார்த்தார். கடைசியாக டயர்களில் சாக்பீஸால் கோடு போட்டு, நூல் பிடித்து, முன்பக்கம் ஒரு இம்மி உள்ளே வாங்கியிருக்கும்படி வைத்தார். "ரெண்டு சக்கரமும் லேசா ஒண்ண ஒண்ணு பாத்துக்கணும். அப்பதான் வண்டி அலையாது" என்றார். ஸ்டியரிங்கை விரலால் தொட்டேன். கீழே சக்கரம் அசைந்தது. அவ்வளவு சின்னத் தொடுகைக்கு இவ்வளவு பெரிய சக்கரம் அசைவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது பாய் இவரைப் பார்த்துச் சொன்னார்: "பழைய கை இன்னும் போவல உங்களுக்கு. கொஞ்ச நாளைக்கு லோடு வாணாம். காலி வண்டிய ஓட்டிப் பழகுங்க. தங்கச்சி, நீயும் கூடப் போ."

நாங்கள் போனோம். குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ரெட்டியார்பாளையத்து நேர்ச்சாலையில் போனோம். முதலில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. அவர் கை பழக்கத்தில் ஆட்ட, வண்டி சொன்னதையெல்லாம் கேட்டது. சைக்கிளில் வந்தவன் இறங்கி நின்று திட்டினான். அப்புறம் இவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையைக் கட்டிப்போட்ட மாதிரி பிடித்தார். வண்டி வாய்க்கால் நீர் மாதிரி நேராகப் போயிற்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். மில் மூடினதுக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ரொட்டிக்கடையில் அடுப்பு ஓயவில்லை, விறகு விறகு என்று பறந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் காலி வண்டி ஓட்ட அவருக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள் காலையில் நான் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பி நின்றபோது, "நீ எதுக்கு? வண்டி நேராத்தான போவுது" என்றார்.

"பாலம் இருக்குதே."

"இருக்கட்டும். பஸ்ஸு அது பாட்டுக்கு வரும், நா என் பாட்டுக்குப் போவேன். பொண்டாட்டி கிளீனர்னு இனிமே எவனும் சொல்ல வாணாம்."

அவர் மனசில் அது எவ்வளவு நாளாகக் கிடந்து அறுத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வெகு நாளைக்கப்புறம் ஒரு காலை நேரம் எனக்கே எனக்கு. குழந்தைக்குத் தலை வாரிவிட்டேன். வாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். வண்டி நேராகப் போகிறது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டே புளி கரைத்தது ஞாபகம் இருக்கிறது.

தோப்பிலிருந்து லோடோடு திரும்பும்போது, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலை மேடாகி இரண்டு பக்கமும் சரிவாக இறங்குகிற இடத்தில் எதிரே பஸ் வந்திருக்கிறது. பஸ் கண்டக்டர் பிறகு என்னிடம் வந்து சொன்னார். நல்ல மனுஷன். "எங்களுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டி போவும்மா, அவ்ளோ எடம் இருந்திச்சி. என்னா நெனச்சாரோ தெரியல, சடார்னு அந்தாண்ட ஒடிச்சிட்டாரு."

என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கும் தனக்கும் எவ்வளவு இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. பயம் வந்தது. பயம் வந்ததும் பழைய கை வந்துவிட்டது. அந்தக் கால் சுற்று வெறுமனே போகும் என்று நம்பி ஒடித்திருக்கிறார். ஆனால் இப்போது எதுவும் வெறுமனே போகாது. வண்டி, பாய் சொல்லிக்கொடுத்த மாதிரி, சொன்ன சொல்லை உடனே கேட்டுச் சரிவில் இறங்கிவிட்டது. ட்ரைலர் மேலே வந்து சவுக்குக் கட்டைகள் அவர் மார்பில் விழுந்தன.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது. பேச்சு இல்லை, கண் திறக்கவில்லை. கைகள் மட்டும் போர்வையின் மேல் அசைந்துகொண்டிருந்தன. இடம், வலம், இடம், வலம். நர்ஸம்மா வலிப்பு என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடிக்குள்ளேயும் அவை ஆடின. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. பொழுது சாயும்போது ஆட்டம் நின்றது.

அதற்கப்புறம் ஊர் ஆரம்பித்தது. குடித்திருப்பான் என்றார்கள். செத்த மனுஷனின் வாயையும் விடவில்லை. அவருடைய அண்ணன், என் மூத்தார், வேறு வழி பிடித்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டியரிங் ஒடஞ்சி போச்சின்னு ஏட்டுகிட்ட சொல்லிடு. அந்த மெக்கானிக்கு சரியா மாட்டலன்னு சொல்லு. ஒனக்கும் கெட்ட பேரு வராது" என்றார். கெட்டவர் இல்லை. தம்பியின் சாவுக்கு ஓர் ஆள் கிடைத்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நானும் ஒரு பொழுது முழுக்க அதை நினைத்துப் பார்த்தேன், ஒளிப்பானேன். மூட்டு கழன்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அப்படியானால் அவர் கையின் மேல் தப்பில்லை, என் மேலும் இல்லை.

காரியம் முடிவதற்கு முன்னாலேயே நான் வெளியே போனேன். அதற்கும் பேசினார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஜீப் கிடந்தது. வண்டி சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பாயும் யாரும் கூப்பிடாமல் வந்து ஒரு ஓரமாக நின்றிருந்தார். அவர் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏறி ஆட்டும்மா" என்றார், அவ்வளவுதான். என் மூத்தார் தடுத்தார். நான் ஏறி அந்த இடது சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பாய் அடியில் போனார். இன்ஸ்பெக்டரும் குனிந்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தார்.

ஒரு கம்பி விழுந்த வேகத்தில் வில்லாக வளைந்திருந்தது. ஆனால் எந்த மூட்டும் கழலவில்லை. எங்கேயும் ஆட்டம் இல்லை. நான் விரல் அளவு திருப்பினால் சக்கரம் விரல் அளவு திரும்பியது. அடியிலிருந்து வெளியே வந்த பாய், தான் தப்பித்தோம் என்று சந்தோஷப்படவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஏட்டு என்னைக் கேட்டார்: "ஸ்டியரிங் எப்படிம்மா இருந்திச்சி?"

"நல்லா இருந்திச்சி. நான்தான் சரி பண்ணச் சொன்னேன். சரியா பண்ணிக் குடுத்தாரு."

மூத்தார் அன்றைக்குப் போனவர், பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாமியார் எங்கே போவாள்? ஒரே வீட்டில் இருந்தோம். நான் அந்த ரொட்டிக்கடையிலேயே வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் சோறு வைப்பாள், பேச மாட்டாள். பேசினால் ஒரே பேச்சுதான். "என் புள்ள ஆடற வண்டிய ஓட்டிக்கிட்டு உசுரோட இருந்தான். ஆடாத வண்டியக் குடுத்து அனுப்பிட்ட." வருஷக்கணக்கில் இதைக் கேட்டேன். திருப்பிச் சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி பகல் என்று இல்லாமல் கோபம் மட்டும் வரும். அவள் மேல், கேலி பேசின தெருவின் மேல், என்னை இறக்கிவிட்டுப் போன அவர் மேல்.

ஜீப்பை பாய் தானாகவே எடுத்துப் போய் வளைந்த கம்பியை மாற்றி, வீட்டுப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார். தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தோம். அதனடியில் கோழி முட்டையிட்டது. எண்பதுகள் பிறந்து, குழந்தை பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் அதை விற்க எனக்கு மனசு வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் வாங்க வந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். தார்ப்பாயை விலக்கி, சக்கரத்துக்குக் காற்றடித்து, கொண்டு வந்த பாட்டரியும் பெட்ரோலும் போட்டு, வண்டியைக் கிளப்பினார். புகை கக்கிவிட்டுத் தெருவில் இறங்கியது.

நானும் மாமியாரும் வாசலில் நின்று பார்த்தோம். குண்டும் குழியுமான தெரு. வண்டி ஒரு நூல் விலகவில்லை. ஓட்டுகிறவரின் கை அசையவே இல்லை. அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான். "அவன் ஒண்ணும் பண்ணாம சும்மா புடிச்சிருந்தா இப்படியே வந்திருப்பானேடி" என்றாள்.

தெருமுனையில் ஜீப் நின்றது. பெரிய சாலையில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. வாங்கினவர் இடது சீட்டிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது சீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வராத வார்த்தை அப்போது வந்தது. அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று தெரிந்தும் சத்தமாகவே சொன்னேன்.

"எடம் இருக்கு. நேரா போ."